வரலாற்று அறையில் நான் வைத்த துப்பாக்கி

அந்தத் துப்பாக்கியை வரலாற்றுத் துறை அறையில் வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்துக்கொண்டு போய்ச் சொல்ல எனக்குத் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

நெருக்கடி நிலையின் இரண்டாவது வருஷம் அது. பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு டிரஸ்ட் நடத்திய கல்லூரியில் நான் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குவதும், ஆசிட்டை அளந்து வைப்பதும், பையன்கள் உடைத்ததைப் பொறுக்குவதும் என் வேலை. வீடு கொழிஞ்சாம்பாறைக்கு அந்தப் பக்கம். மானாவாரிக் கடலைக் காடு. தினமும் பஸ்ஸில் வந்து போவேன்.

வரலாறு நடத்தியவர் இடுக்கிக்காரர். சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து கிள்ள மலை ஏறிப் போனவர்கள். கிறிஸ்தவக் குடும்பம். அண்ணன் மின்சார வாரியத்தில் வேலை பார்த்து இவரை மதுரைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். முப்பது வயசு இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. கல்லூரிக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார்.

கல்லூரி முழுக்க மலையாளம், அங்கே வாத்தியார் என்றால் மாஷ். தமிழ் பேச அவருக்கு நான், எனக்கு அவர். அதுவும் ஒரே தமிழ் இல்லை. நான் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவதைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "என்னவே, கடலைச் செடிக்கும் மரியாதை குடுத்துத்தான் பிடுங்குவீரோ?" என்பார். அவர் என்னை 'வே' என்று கூப்பிடுவது எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் அவர் அப்படிக் கூப்பிடாவிட்டால்தான் ஒரு மாதிரி இருந்தது. மத்தியானம் அவருடைய துறை அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுவோம். லெக்சரர் ஒருத்தர் அட்டெண்டரோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறைச் சாவி ஒன்று என்னிடமும் இருந்தது. நான் முன்னால் போய்த் திறந்து தண்ணீர் எடுத்துவைக்கட்டும் என்று அவரே கொடுத்தது.

அந்த வருஷம் ஜூனில் கல்லூரிச் சுவரில் யாரோ கரியால் இரண்டு வரி எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்று பாதிப் பேர் பார்க்கவே இல்லை. விடிவதற்குள் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் ரிசர்வ் போலீஸ் வந்து சைக்கிள் ஷெட்டில் கேம்ப் போட்டது. இருபது பேர் போல. ஆளுக்கொரு துப்பாக்கி.

எங்கள் ஊர்க்காரனுக்குத் துப்பாக்கி புதிது இல்லை. அதனால் எனக்கு ஆரம்பத்தில் அது உறைக்கவில்லை. ஆனால் காட்டில் பன்றிக்கு வைத்திருக்கிற துப்பாக்கி வேறு. வகுப்பு வராந்தாவில், ஜன்னலுக்குக் கீழே, குடையைச் சாய்த்துவைக்கிற மாதிரி சாய்த்துவைத்திருக்கிற துப்பாக்கி வேறு. பெண் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குள் போகவேண்டும். பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தட்டிவிடக் கூடாதே என்று ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். லேப் வாசலில் நின்று நான் தினமும் பார்த்தேன்.

கல்லூரி அமைதியாகிவிட்டது. ஸ்ட்ரைக் இல்லை, கூச்சல் இல்லை, மணி அடித்தால் வகுப்பு. இன்றைக்கும் அந்தக் காலத்தைப் பற்றி, பஸ்கூட நேரத்துக்கு ஓடியதே என்று பேசுகிற கிழவர்கள் இருக்கிறார்கள். என் வயசுக்காரர்கள்தான். அவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. அந்த வருஷம் எங்கள் லேபில் ஒரு பையன்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கெமிஸ்ட்ரியில் அரசியல் என்ன இருக்கிறது? தண்ணீர் ஏன் கலங்கியது, நிறம் ஏன் மாறியது என்று கேட்பதற்கு என்ன பயம்? ஆனால் கேட்கவில்லை. வாயைத் திறக்கிற பழக்கமே போய்விட்டது. சொன்னதை எழுதிக்கொண்டு போனார்கள்.

வரலாற்று வகுப்புக்குள் மட்டும் ஒரு கான்ஸ்டபிள் போய் உட்கார ஆரம்பித்தான். கடைசி பெஞ்ச். துப்பாக்கி இரண்டு முழங்காலுக்கும் நடுவில். ஃபிரெஞ்சுப் புரட்சி நடக்கிற நேரம் அது. யூனிவர்சிட்டி வைத்த பாடம்தான், இவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது இல்லை. அவர் பாடம் நடத்துவதை நிறுத்தினார். சத்தம் போடவில்லை, வெளியே போகவும் இல்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றார். மறுநாளும் நின்றார். மூன்றாம் நாள் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார்.

மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். "துப்பாக்கி பேசாது மாஷே, நீங்க பேசுங்கன்னு சொல்லுதாரு. அது பேசாதுதான் சார், ஆனா அது இருந்தா பையமாரு பேச மாட்டேங்கானுவளேன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாருங்க?"

"பையமாரு எதுக்குப் பேசணும்னு கேக்காருவே."

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிரின்சிபால் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். கான்ஸ்டபிளை வகுப்புக்கு வெளியே உட்காரவைக்கலாம். அதற்குப் பதிலாக, நடத்தப்போகிற பாடத்தை ஒரு நாள் முன்னால் எழுதி ஆபீஸில் கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டும். இவர் முதலாவதற்குச் சரி என்றார், இரண்டாவதற்கு முடியாது என்றார். வேலையை விட்டு அனுப்புங்கள், அப்போதும் எழுதித் தரமாட்டேன் என்றார். என்ன நினைத்தாரோ பிரின்சிபால், அப்போதைக்கு விட்டுவிட்டார். கான்ஸ்டபிள் வெளியே போனான்.

கல்லூரியிலேயே துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்லி வெளியே நிறுத்திய இடம் அந்த வகுப்பும், அதை ஒட்டிய துறை அறையும்தான். பையன்கள் அங்கே மட்டும் கை தூக்கிக் கேட்டார்கள். வேறு வகுப்புப் பிள்ளைகள்கூட வந்து பின்னால் நின்று கேட்டதை நான் பார்த்தேன். மூன்று வாரம். அவ்வளவுதான் நடந்தது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் துப்பாக்கியைத் தோக்கு என்போம். எங்கள் வகையறாவுக்கு ஒரே ஒரு தோக்குதான். குழலில் மருந்து கெட்டித்துச் சுடுகிற பழைய நாட்டுத் துப்பாக்கி. லைசன்ஸ் பெரியப்பா பேரில். ஆனால் அது பெரியப்பா வீட்டில் இருந்த நாள் குறைவு. கடலை காய் பிடிக்கும்போது மலையடிவாரத்திலிருந்து பன்றி இறங்கும். யார் காட்டில் இறங்குகிறதோ அந்த ஊட்டுக்குத் தோக்கு போய்விடும். மண்வெட்டி, கடப்பாரை மாதிரி கை மாறிக்கொண்டே இருக்கும். போகிற வழியில் ஆள் இல்லை என்றால் நம்பிக்கையான ஊட்டில் வைத்துவிட்டுப் போவோம். சொல்லிவிட்டு வைப்பதும் உண்டு, வைத்துவிட்டு அப்புறம் சொல்வதும் உண்டு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். லைசன்ஸ்காரன் அல்லாத ஒருவன் கையில் அது இருப்பதே குற்றம் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நடந்தது, எங்கள் தாத்தா காலத்திலிருந்து.

ஆவணியில் வில்லேஜ் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. லைசன்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் டவுன் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும். கடலை காய் பிடிக்கிற நேரம். பெரியப்பா இன்றைக்கு நாளைக்கு என்று கடைசி நாள் வரைக்கும் தள்ளினார். முழங்கால் வீங்கிப் படுத்திருந்தார். தோக்கு அந்த வாரம் எங்கள் காட்டில் இருந்தது. காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் டவுனுப்பக்கம் போறியே, குடுத்துப்போட்டு வந்துரு. ரசீது வாங்காம வந்துராத."

"நானு கொண்டுபோனா வாங்குவாங்களாங் பெரியப்பா?"

"கடுதாசி தர்றேன். எனக்குக் கால் வராதுன்னு சொல்லு. அவிங்களுக்கு வேண்டியது தோக்கா, நானா?"

பெரியம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றி, அதன்மேல் சாக்கைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். பஸ் ஏறினேன். ஸ்டேஷனில் துப்பாக்கி வாங்குகிற ஆள் பதினொரு மணிக்குத்தான் வருவார் என்று முதல் நாள் போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். கல்லூரியில் பத்து மணிக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடவேண்டும். அந்த வருஷம் பத்து நிமிஷம் பிந்தினதற்காக ஒரு பியூனை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். ஆகவே, முதலில் கல்லூரியில் இறங்கிக் கையெழுத்துப் போடுவது, முதல் பீரியட் லேபுக்குச் சாமான் எடுத்துவைப்பது, அப்புறம் பெர்மிஷன் கேட்டு ஸ்டேஷனுக்குப் போவது. இதுதான் என் கணக்கு.

கேட்டில் போலீஸ் பையைத் திறந்து பார்க்கும். அங்கே நேராகப் போய், இது இன்னாருடைய துப்பாக்கி, இது லைசன்ஸ், ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த கேம்ப்பில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வறுத்த கடலை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஆனால் எனக்கு அது தோன்றவே இல்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. தோன்றியது. பயமாக இருந்தது. பின்பக்கம் கிணற்றை ஒட்டி மதில் இடிந்து கிடக்கும், அந்த வழியாக உள்ளே போனேன்.

லேபில் வைக்க முடியாது, பையன்கள் எல்லா அலமாரியையும் திறப்பார்கள். என்னிடம் இருந்த சாவி நினைவுக்கு வந்தது. வரலாற்று அறையின் மூலையில் சுவரில் மாட்டுகிற பெரிய வரைபடங்களைச் சுருட்டி நிறுத்தி வைத்திருப்பார்கள். ஆள் உயரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அவற்றுக்குப் பின்னால் நிறுத்தினேன். அவர் முதல் மணிக்கு முன்னாலேயே வகுப்பில் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. யாரோ ஒரு பெண் ஏதோ கேட்க, "நல்லாக் கேட்டே" என்கிற மாதிரி மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். நம்பிக்கையான ஊட்டில் வைத்தாயிற்று, மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் ஹாஸ்டலில் ஏதோ நோட்டீஸ் அகப்பட்டிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. பத்தரைக்கு எஸ்.ஐ. வந்து ஒவ்வொரு அறையாகத் தேட ஆரம்பித்தார்.

லேப் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். முன்னால் ஒரு கான்ஸ்டபிள், சாக்கை அவிழ்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். பெரியம்மாவின் சேலைத் துண்டு அதிலிருந்து தொங்கியது. பின்னால் அவர், இரண்டு பக்கமும் போலீஸ். வகுப்பு ஜன்னல்களில் பையன்கள். அவர் தலையைக் குனியவில்லை. லேப் பக்கம் திரும்பவும் இல்லை. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அவருக்கு அந்தத் தோக்கைத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் எங்கள் காட்டுக்கு வந்திருந்தார். பச்சைக் கடலையைச் சுட்டுத் தின்றோம். பரண்மேல் ஏறி அந்தத் தோக்கைத் தூக்கிப் பார்த்து, "இதுக்குப் பன்னி பயப்படுமா, இல்ல பாவம்னு போயிருமா?" என்று கேட்டு, பெரியப்பாவையே சிரிக்கவைத்தார். பின்கட்டையில் தகடு அடித்து ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் யாருடையது என்று தெரிந்திருக்கும்.

நான் உடனே போகவில்லை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பீரியட் முடிகிற வரைக்கும் லேபில் நின்றேன். பையன்கள் போனபிறகு கண்ணாடிக் குழாய் எல்லாவற்றையும் கழுவினேன். துடைத்தேன். அடுக்கினேன். ஒன்றுகூட உடையவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அப்புறம்தான் பிரின்சிபால் அறைக்குப் போனேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்று பின்னால் தெரிந்தது. யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றார். அறைச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்கள். தன்னிடம் மட்டும்தான் என்றார். எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். வகுப்பில் துப்பாக்கி இருந்தால் பாடம் நடத்தமாட்டேன் என்று சொன்ன மனுஷன் தன் அறையில் துப்பாக்கி வைத்திருக்கிறார் பாருங்கள் என்று பிரின்சிபால் எஸ்.ஐ.யிடம் சொன்னாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாராம். அதைச் சொன்னவன் ஆபீஸ் பியூன். அவனுக்கு என்னிடம் பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

நான் உள்ளே போய் லைசன்ஸையும் பெரியப்பாவின் கடிதத்தையும் மேஜைமேல் வைத்தேன். நான்தான் வைத்தேன், சாருக்கு ஒன்றும் தெரியாது என்றேன். என் மலையாளம் அன்றைக்குத் தடுமாறியது. சாவியையும் எடுத்துக் காட்டினேன்.

அவர் நாற்காலி இல்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து மெதுவாக, தமிழில், "எதுக்குவே வந்தீரு? நான்தான் சொல்லியாச்சுல்லா" என்றார்.

எஸ்.ஐ. லைசன்ஸைப் படித்தார். துப்பாக்கியின் நம்பரை ஒத்துப் பார்த்தார். நான் சொல்வது உண்மை என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆனால் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சாவி ஒன்றுதான் என்று இந்த மாஷ் எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்றார். துப்பாக்கியைத் தெரியாது என்றாரே. உங்கள் காட்டுக்கு வந்திருக்கிறாரா என்று என்னைக் கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். போலீஸிடம் ஒன்றுக்கு இரண்டு பொய் சொல்கிற ஆள் இன்னும் என்னென்ன மறைப்பான் என்றார்.

"எனக்காகச் சொன்னாருங்க" என்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் ஒரு மணி நேரம் முந்திப் போயிருந்தால் அவர் அந்த இரண்டு பொய்யையும் சொல்லியிருக்கவேண்டியதே இல்லை. துப்பாக்கிக்குச் சொந்தக்காரன் வந்துவிட்டான், லைசன்ஸ் இருக்கிறது, விஷயம் முடிந்தது. இப்படி முடிந்திருக்குமா? சத்தியம் செய்ய என்னால் முடியாது. அவரை எப்படியும் பிடிக்கவேண்டும் என்று நினைத்திருந்தார்கள். காரணம் கிடைக்காமல்தான் மூன்று வாரம் விட்டிருந்தார்கள். அந்தக் காரணத்தை நான் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அது வழக்காகிவிட்டது.

இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். சாயங்காலம் பெரியப்பா காலைத் தூக்க முடியாமல் காரில் வந்தார். கூடவே ஒரு கட்சிக்காரர். எங்களுக்கு நிலம் இருந்தது, சொல்ல ஆள் இருந்தது. துப்பாக்கியை ஊரார் கை மாற்றுவது குற்றம்தான், ஆனாலும் விவசாயி, போகட்டும் என்று எஸ்.ஐ. சொன்னார். ரசீதுகூடக் கொடுத்தார். பெரியப்பா அவரைக் கும்பிட்டார். நான் உள்ளே கையைக் காட்டி, அவரும் வரட்டும் என்றேன். பெரியப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். "வாய மூடு. அந்த வாத்தியாருக்கு அவிங்க ஆளுக இருப்பாங்க" என்றார். அவருக்கு யாரும் இல்லை. அண்ணன் மலைக்கு மேலே இருந்தார். தந்தி போய், லீவு கிடைத்து, அவர் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் இவரை எங்கேயோ போலீஸ் கேம்ப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கிற சட்டம் அப்போது இருந்தது.

கல்லூரியில் கூட்டம் போட்டு அவரை நீக்கினார்கள். வளாகத்துக்குள் ஆயுதம் வைத்திருந்தார் என்று எழுதினார்கள். வளாகத்துக்குள் இருபது துப்பாக்கி சாய்ந்து நிற்கிறதே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு பேர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நீ என்ன செய்வாய், உன் நேரம் என்று முதுகில் தட்டினார்கள். அந்தத் தட்டலை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எல்லா லெக்சரர்களும் பாடத்தை முன்னாலேயே எழுதி ஆபீஸில் கொடுக்க ஆரம்பித்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களாகவே கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் நெருக்கடி நிலை போனது. அவர் வெளியே வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். காற்று மாறிவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டைப் அடித்த ஒரு தாளைக் கொடுத்து, இதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா, திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார். தன் அறையில் கவனக்குறைவாக இருந்ததற்கு வருந்துகிறேன், இனிமேல் பாடக்குறிப்பை முன்கூட்டி ஆபீஸில் தருவேன். இவ்வளவுதான் அதில் இருந்தது.

பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து காட்டுப்பாதையில் மலை. மறையூரில் காந்தலூர்க்காரர்கள் பூண்டு மூட்டையோடு ஏறி, இடம் இல்லாமல் என் காலடியில் வைத்தார்கள். மூணாறில் இறங்கி வேறு பஸ் பிடித்துச் சித்திரபுரம் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. மின்சார வாரியக் குவார்ட்டர்ஸைத் தேடிக் கண்டுபிடித்தேன். அண்ணன் கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னேன். அவர் வழியை விட்டு நகரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

உள்ளே சார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்து, சுவரைப் பிடித்து, திரும்ப உட்கார்ந்தார். கேம்ப்பில் பெஞ்சில் படுக்கவைத்துத் தொடைமேல் உலக்கையை உருட்டினார்கள் என்று அண்ணன் பின்னால் வாசலில் வைத்துச் சொன்னார். இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "வாரும்வே. கடலை கொண்டாரலையா?" என்றார்.

கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். கட்டில்மேல் வைத்துக்கொண்டார், உடைக்கவில்லை.

தாளைக் கொடுத்தேன். படித்தார். கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். வெறும் காகிதம், யார் பார்க்கப்போகிறார்கள், வகுப்புக்குள் போய்விட்டால் உங்கள் இஷ்டம் என்றேன். அவர் கல்லூரி எப்படி இருக்கிறது என்று கேட்டார். கேம்ப்பைக் கலைத்துவிட்டார்கள் என்றேன்.

"அப்ப துப்பாக்கி இல்ல?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. "டிரஸ்டே ரெண்டு காவக்காரங்களப் போட்டிருக்குதுங்க. இரட்டைக்குழல் வெச்சிருக்காங்க. பழகிப்போச்சுன்னு சொல்றாங்க."

"எங்க நிக்காங்க?"

"கேட்டுல ஒருத்தருங்க. வராந்தாவுல ஒருத்தருங்க."

தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். கோபம் இல்லை. பிறகு சொன்னார்.

"நீரு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்வே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வேண்டாம்னு சொல்லிருப்பேன். என் ரூம்ல கொண்டு வையும், கட்டிலுக்கடியில வையும், இங்க மட்டும் வேண்டாம்னு சொல்லிருப்பேன். அந்த ஒரு இடத்துலதான் வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இருந்துச்சு. கஷ்டப்பட்டு வாங்குனதுவே அது."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன். சொல்லவில்லை. அண்ணன் மனைவி பால் இல்லாத கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். கடைசி பஸ் போய்விடும் என்று அண்ணன் சொன்னார். அது எழுந்து போ என்பதுதான்.

அவர் அதற்கப்புறம் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. ஏலக்காய் பெரிதையும் சிறிதையும் பிரித்துப் போடுகிற வேலை உடும்பஞ்சோலையில் ஒரு வியாபாரியிடம் கிடைத்தது என்று அண்ணன் ஒரு கார்டு எழுதினார். உட்கார்ந்து செய்கிற வேலை. நான் மூன்று கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. நாலாவது போடவில்லை.

கையெழுத்து இல்லாத தாளைப் பிரின்சிபாலிடம் கொடுத்தேன். தலையை ஆட்டி அதை டிராயரில் போட்டார். அந்த மாதமே வரலாற்றுக்குப் புது ஆள் எடுத்தார்கள். சின்ன வயசு, நல்ல மனுஷர். ஆபீஸில் கேட்டபடி பாடத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போவார். சத்தம் இல்லாமல் நடந்தது. வராந்தாவில் நிற்கிற காவல்காரர் வயசானவர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். நாள் முழுக்க நிற்கக் கால் வலிக்கிறது, லேபில் பழைய ஸ்டூல் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு நாள் என்னைக் கேட்டார். இருந்தது. தூசி தட்டி எடுத்துக்கொண்டு போய், வரலாற்று வகுப்பு வாசலில் அவருக்குப் போட்டுக்கொடுத்தேன்.